டாங்கிச் சுவரில் ஒரு கதவு

‘கூட்டத்துக்கு நூறு பேர் வந்திருந்தார்கள்’ என்று அவரிடம் சும்மா சொல்லிவிட முடியாது. தகரம் வெட்டுகிற கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, “எண்ணினீரா வே?” என்பார். இல்லை பாய், குத்துமதிப்பாகச் சொன்னேன் என்றால், “அப்போ கொஞ்சம் பேர் வந்தாவன்னு சொல்லும். நூறுங்கது ஒரு கணக்குல்லா?” என்பார். முப்பத்தொன்பது பேர்தான் வந்திருந்தார்கள் என்பது அவருக்குத் தெரியும். அவர் எண்ணியிருப்பார்.

பம்பாய்த் தாராவியில் எங்கள் கல்லி முனையில், அந்தச் சந்து திரும்புகிற இடத்தில், அவருக்குத் தகரப் பெட்டிப் பட்டறை இருந்தது. ஊர் மேலப்பாளையம் பக்கம். எல்லோரும் பாய் என்றே கூப்பிட்டோம், இங்கும் அப்படியே இருக்கட்டும். பழைய எண்ணெய் டின்களை வெட்டி விரித்து, தட்டி நிமிர்த்தி, டிரங்குப் பெட்டி செய்வார். ஊருக்குப் போகிறவர்களும் வீட்டில் கல்யாணம் வைத்திருக்கிறவர்களும் தேடி வந்து வாங்குவார்கள். மற்றப் பட்டறைக்காரர்கள் பெட்டி மூடியில் மயிலும் கிளியுமாக வரைந்து தள்ளுவார்கள். இவர் பெட்டி மூடியில் தெருக்குழாய் இருக்கும். மண்ணெண்ணெய் ஸ்டவ் இருக்கும். சிவப்பு டபுள் டெக்கர் பஸ் இருக்கும், பஸ்ஸின் நம்பரோடு. உயிருள்ள எதையும் வரைய மாட்டார், அது அவருடைய மார்க்கம். உயிரில்லாததிலும் கண்ணால் பார்க்காததை வரைய மாட்டார், அது அவருடைய குணம்.

ஒருமுறை சுனாபட்டியிலிருந்து ஓர் அம்மாள் வந்து, மகள் கல்யாணப் பெட்டியில் தாஜ்மகால் வேண்டுமென்று கேட்டார். “அத நான் பாத்ததில்லக்கா. வாளி போட்டுத் தரட்டா?” என்றார் பாய். அந்த அம்மாளுக்கு முகம் தொங்கிவிட்டது. ஆனால் பாய் செய்கிற பெட்டியின் கீல் பத்து வருஷம் போனாலும் அசையாது என்று கேள்விப்பட்டு அவ்வளவு தூரம் வந்தவர். கல்யாணப்பெண் வாளிப் பெட்டியோடுதான் புருஷன் வீட்டுக்குப் போனாள்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லலாம். சிரிக்க முடியாததும் உண்டு. அவருடைய மூத்த மகளைப் பெண் பார்க்கச் செம்பூரிலிருந்து வந்திருந்தார்கள். எல்லாம் பேசி முடிந்து, பலகாரத் தட்டு காலியாகி, மாப்பிள்ளையின் அத்தா எழுந்திருக்கப் போகும் நேரம். “ஒண்ணு சொல்லலியே. பிள்ளைக்கு இடது காது கொஞ்சம் மந்தம். வலது பக்கமா நின்னு பேசுனா நல்லாக் கேக்கும்” என்று இவர் சொன்னார். யாரும் அவரிடம் அதைக் கேட்டிருக்கவில்லை. அந்தச் சம்பந்தம் போயே போய்விட்டது. அவர் மனைவி ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அந்தப் பெண் பட்டறைப் பக்கம் வந்து சோற்றுத் தூக்கை வைத்துவிட்டு ஒரு வார்த்தை இல்லாமல் போனதை நானே பார்த்தேன். எனக்கு அப்போது அவர்மேல் ஆத்திரமாக வந்தது. பிறகு வேறு இடத்தில் அவளுக்கு நல்லபடியாகவே கல்யாணம் நடந்தது. நடக்காமல் போயிருந்தால் என்ன செய்திருப்பார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

எங்கள் கல்லிக்கு அடையாளம் டாங்கி. வட்டமாக, இரண்டு ஆள் உயரத்துக்குமேல் எழுப்பிய பழைய சிமெண்ட் தண்ணீர்த் தொட்டி. அதில் தண்ணீர் பார்த்தவர் யாரும் உயிரோடு இல்லை. ஆனால் ஊரிலிருந்து வரும் கடிதமெல்லாம் ‘டாங்கிக்குப் பின்னால்’ என்ற விலாசத்துக்குத்தான் வரும். டாக்ஸிக்காரனிடம் டாங்கி என்றால் போதும். அப்படிப்பட்ட டாங்கியின் சுவரெல்லாம் வெற்றிலைக் கறை, கிழிந்த போஸ்டர். எண்பதுகளின் நடுவில் ஒரு கோடையில், அதைச் சுத்தம் செய்து சுற்றிலும் படம் வரைவது என்று எங்கள் மன்றம் தீர்மானம் போட்டது. மன்றத்துக்குச் செக்ரெட்டரி நான். பகலில் பம்பாய்க் கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் டெஸ்பாட்ச் கிளார்க், சாயங்காலம் ஏழு மணிக்குமேல் செக்ரெட்டரி. பாய் என்னை அப்படித்தான் கூப்பிடுவார், கொஞ்சம் நக்கலாக.

யாரை வரைவது என்பதில் மூன்று கூட்டம் போனது. ஒருவர் தலைவர் படம் என்றார், எந்தத் தலைவர் என்று இன்னொருவர் எழுந்தார். முருகன் வந்தால் மாதாவும் வர வேண்டும், மாதா வந்தால் தர்காவும் வர வேண்டும். மூன்றாவது கூட்டத்தில் ஒரு நாற்காலி உடைந்தது. அது பாயிடம் இரவல் வாங்கின நாற்காலி. எடுத்துப்போக வந்தவர், உடைந்த காலைக் கையில் பிடித்தபடி, “அவனவன் வீட்டை வரைங்க. அதுல யாரு கோவிப்பா?” என்றார். வேலையை அவர் தலையிலேயே கட்டினோம்.

அவர் ஒரு நடைமுறை வைத்தார். வீடு வீடாகப் போய் நின்று பார்ப்பார். டாங்கியில் அந்த வீட்டைச் சாக்பீஸால் கோடு போடுவார். வண்ணம் அடிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம், ஆனால் இருக்கிற நிறத்தைத்தான் அடிக்க வேண்டும். பட்டறையில் மிச்சமிருந்த பெயிண்ட்டை அவரே குழைத்துத் தருவார். வீட்டு வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, “இதுல இன்னும் கொஞ்சம் துரு வேணும்” என்பார். பெண்கள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு துருவை அடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் டாங்கியைச் சுற்றித் திருவிழா மாதிரி இருந்தது.

அப்போதுதான் கார்ப்பரேஷன் சர்வே வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியது. வீடுகளைக் கணக்கெடுத்து, புகைப்படம் ஒட்டின அட்டை தருவார்கள். போட்டோபாஸ் என்போம். அது கையில் இருந்தால், நாளைக்குக் குடிசையை இடித்தாலும் மாற்று இடம் கேட்க நமக்கு வாய் இருக்கும். இல்லாதவர்கள் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். எங்கள் ஆட்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். டாங்கியில் வரைவது சர்வேக்காகத்தான், சுவரில் இருக்கிற வீட்டுக்குத்தான் பாஸ் என்று கல்லி முழுக்கப் பரவியது. செக்ரெட்டரி என்ற முறையில் நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. அந்தப் பேச்சு வந்த பிறகுதான் வேலைக்கு ஆள் சேர்ந்தது.

வாசலில் இல்லாத படியையும் இல்லாத ஜன்னலையும் கேட்டுப் பாயிடம் வரிசையில் நின்றார்கள். தையல்காரர் தங்கராசு தன் வீட்டுக்குமேல் ஒரு மாடி போடச் சொன்னார். “கட்டிட்டு வாரும், வரையுதேன்” என்றார் பாய். தங்கராசு ரோஷக்காரர். எட்டே நாளில் நாலு கழியை நட்டுப் பலகையைப் பரப்பிவிட்டு வந்து நின்றார். பாய் ஏணி வைத்து ஏறி, பலகையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, மாடியை வரைந்தார். பலகை ஒரு பக்கம் சரிந்திருந்ததையும் சேர்த்து வரைந்தார்.

அடுத்தது என் வீடு. இதைக் கொஞ்சம் விவரமாகத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் சொல்லப் பிடிக்கவில்லை.

டாங்கியின் ஓரமாக, சாக்கடையை ஒட்டிப் பொன்னுத்தாயின் குடிசை இருந்தது. மாதுங்காவில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள், புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். அந்த ஜூனில் அப்பாவுக்கு முடியவில்லை என்று தந்தி வந்து, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சங்கரன்கோவில் பக்கம் போனாள். ஜூலை மழையில் குடிசை சரிந்து விழுந்தது. இரண்டு வாரம் அப்படியே கிடந்தது. இனி அவள் வரமாட்டாள் என்று யாரோ சொன்னார்கள். எல்லோர் வீடும் ஒழுகிக்கொண்டிருந்த நேரம். ஒரு தகரம் தங்கராசு கூரைக்குப் போனது, இன்னொன்று எதிர்வீட்டுக்கு, கழிகள் வேறெங்கோ. கதவு சேற்றில் கிடந்தது. வீணாகப் போகிறதே என்று நான் தூக்கி வந்தேன். அப்படித்தான் அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் வீட்டுக் கதவின் அடிப்பக்கம் உளுத்துப் போயிருந்தது.

அது மெஷின் வந்த மரப்பெட்டியின் பலகையில் செய்த கதவு. நனையக் கூடாது என்பதற்காகப் பெட்டியில் ஒரு குடை அச்சு அடித்திருப்பார்களே, அந்தக் குடை கதவில் தலைகீழாக இருந்தது. நீலப் பெயிண்ட் ஒரு கோட்டிங் அடித்தேன். குடை லேசாகத் தெரிந்துகொண்டே இருந்தது.

டாங்கியில் என் வீட்டுக்குப் பாய் கோடு போட்டார். கதவுக்கு நானே நீலம் அடித்தேன். அவர் என் வாசல்வரை போய் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

“குடையை விட்டுட்டீரே வே.”

“அது சும்மா பழைய அச்சு பாய். அது எதுக்கு?”

“உம்ம கதவுல இருக்குல்லா?”

அவ்வளவுதான் சொன்னார். அவர் குரலில் குத்தல் இருந்ததா என்று அன்றைக்கெல்லாம் யோசித்தேன். இருந்த மாதிரி தெரியவில்லை. சின்ன பிரஷ்ஷை என் கையில் கொடுத்தார். தலைகீழ்க் குடையை நானே வரைந்தேன்.

அக்டோபரில் பொன்னுத்தாய் திரும்பி வந்தாள். அப்பாவைப் புதைத்துவிட்டு, அங்கே பிழைக்க வழியில்லாமல் வந்திருந்தாள். குடிசை இருந்த இடத்தில் யாரோ இரண்டு ஆடுகளைக் கட்டியிருந்தார்கள். பிள்ளைகள் இரண்டும் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டன. சர்வே அந்த மாதக் கடைசியில் என்றும், சுவரில் இருந்தால்தான் பாஸ் என்றும் அவளுக்கு அதற்குள் யாரோ சொல்லிவிட்டார்கள். நேராக டாங்கிக்கு வந்தாள். அன்று ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தோம். டாங்கியை ஒரு சுற்றுச் சுற்றி, ஒவ்வொரு வீடாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். என் வீட்டுக்கு முன்னால் நின்றாள். குடையைப் பார்த்தாள். திரும்பி என்னைப் பார்க்கவில்லை.

“பாய், எல்லாரும் சொல்லுதாவ, இதுல இருந்தாத்தான் அட்டை குடுப்பாவளாம். என் வீட்டையும் வரைஞ்சிருங்க பாய்.”

“உன் வீடு எங்கம்மா இருக்கு?”

“விழுந்துட்டு. நான் கட்டிக்கிடுதேன். மொதல்ல வரைஞ்சிருங்க.”

“இல்லாத வீட்டை எப்படி வரைய?”

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் பாய்ந்து முன்னால் வந்தேன். “ஒரு வீடுதானே பாய், வரைஞ்சிரும். பாவம், ரெண்டு பிள்ளைய வச்சிக்கிட்டு எங்க போவா? மனுசனுக்கு ஈவு இரக்கம் வேண்டாமா?” என்றேன். அந்த இடத்தில் என் குரல்தான் எல்லோருடையதையும்விட உயர்ந்திருந்தது. தங்கராசும் என்னோடு சேர்ந்துகொண்டார். கல்நெஞ்சுக்காரர் என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். சுவரில் ஒரு குடிசை வந்துவிட்டால் என் கதவு என்னிடமே இருக்கும். அந்தக் கணக்கு என் மனசில் ஓடியது எனக்குத் தெரியும். பாய்க்கும் தெரிந்திருக்கும்.

அவர் பொன்னுத்தாய் பக்கம் திரும்பி, “உன் வீடு எதுலம்மா கட்டியிருந்துது? ஒண்ணொண்ணாச் சொல்லு, பாப்போம்” என்றார்.

அவள் மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள். “மேல ரெண்டு தகரம். ஒண்ணு உங்க பட்டறையில வாங்குனது, சூரியகாந்திப்பூ போட்ட எண்ணெய் டின்னை விரிச்சது. ஒண்ணு ஓட்டைத் தகரம், தாரு வச்சு அடைச்சிருக்கும். அஞ்சு கழி. அதுல ஒண்ணு வளைஞ்சிருக்கும். பின்னால நீலத் தார்ப்பாய்.” முந்தானையை இடுப்பில் செருகினாள். “ஒரு கதவு.”

யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லோரும் டாங்கியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். தங்கராசு கூரையில் சூரியகாந்திப்பூ இருந்தது, அவர் மனைவியே மஞ்சள் அடித்தது. எதிர்வீட்டுக் கூரையில் தார் திட்டு இருந்தது. தங்கராசின் மாடியைத் தாங்கின நாலு கழியில் ஒன்று வளைந்திருந்தது. நீலத் தார்ப்பாய் மூன்றாவது வீட்டுப் பக்கச் சுவரில் இருந்தது. எல்லாவற்றையும் அவர் உள்ளபடி கோடு போட்டிருந்தார், நாங்கள் எங்கள் கையாலேயே வண்ணம் அடித்திருந்தோம்.

“அப்போ வீடு இருக்கு. ஒரே எடத்துல இல்ல, அவ்வளவுதான்” என்றார் பாய். பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஊர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாரே என்று வீட்டில் வந்து கத்தினேன். என் மனைவி ஸ்க்ரூ டிரைவரைத் தேடி எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். “கழட்டுங்க. நான் அன்னிக்கே சொன்னேன், கேட்டியளா?” என்றாள். நான் கதவைத் தலையில் சுமந்துகொண்டு போனபோது, தங்கராசு ஏற்கெனவே கூரைமேல் ஏறித் தகரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவர் மாடி கீழே இறங்கிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் தார்த் தகரத்தை இழுத்துக்கொண்டு வந்தார். ஆடுகளை அவிழ்த்துவிட்டோம். பாய் பட்டறையிலிருந்து ஆணியும் சுத்தியலும் எடுத்து வந்து தகரத்தை அடித்தார். பொழுது சாய்வதற்குள் குடிசை நின்றுவிட்டது. பொன்னுத்தாய் கதவைத் திறந்து மூடிப் பார்த்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் பாய் டாங்கியில் அவள் குடிசையை வரைந்தார். அதோடு விட்டாரா? எங்கள் வீடுகளையும் திருத்தினார். தங்கராசுக்கு மாடி போயிற்று. என் வீட்டு வாசலில், என் மனைவி தொங்கவிட்டிருந்த கோணிச்சாக்கை வரைந்தார். சாக்கில் எழுதியிருந்த மில்லின் பெயரில் பாதி எழுத்துக்கூட அதில் இருந்தது. ‘செக்ரெட்டரி வீடு எது?’ என்று கேட்பவர்களுக்குப் பிள்ளைகள் சாக்கைக் காட்டினார்கள்.

சர்வேக்காரர்கள் சொன்ன நாளில் வந்தார்கள். ஒருவர் கையில் தடிமனான ரிஜிஸ்டர், இன்னொருவர் கையில் பெயிண்ட் டப்பா. டாங்கியை அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒருவர் அதன் நிழலில் நின்று பீடி குடித்தார், அவ்வளவுதான். நின்றுகொண்டிருந்த வீடுகளை மட்டும் எண்ணினார்கள். பொன்னுத்தாயின் கதவில் குடைக்குப் பக்கத்தில் நம்பர் போட்டார்கள். என் வீட்டுக்கு வந்ததும் டப்பாக்காரர் சாக்கைத் தூக்கிப் பார்த்து, “தர்வாஜா கிதர் ஹை?” என்று கேட்டார். கதவு எங்கே என்று கேட்டவருக்குச் சொல்ல எனக்கு இந்தியிலும் பதில் இல்லை, தமிழிலும் இல்லை. நிலைக்காலில் நம்பரை எழுதிவிட்டுப் போனார். பாய் அன்றைக்கு இரக்கப்பட்டுப் படத்தை மட்டும் வரைந்திருந்தால், பொன்னுத்தாய்க்கு மிஞ்சியிருப்பது சுவரில் ஒரு படம்தான்.

பொங்கலுக்குப் புதுக்கதவு போட்டேன், பச்சை நிறம். அதை டாங்கியிலும் போடச் சொல்லிக் கேட்கலாம் என்று பட்டறைக்குப் போனேன். கதவு உண்மையாகவே இருக்கிறது, அவர் மறுக்கப்போவதில்லை. ஆனாலும் அதை மட்டும் கேட்கவில்லை. சும்மா நின்று பேசிவிட்டு, வேண்டாத ஒரு டிரங்குப் பெட்டியை வாங்கிக்கொண்டு திரும்பினேன். மூடியில் ஸ்டவ் படம். “இது எதுக்கு?” என்று மனைவி கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குழாயடியிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு வந்துகொண்டிருந்தேன். டாங்கியில் என் வீட்டுப் படத்துக்கு நேராக ஏணி சாத்தியிருந்தது. மேலே பாய். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு பொன்னுத்தாய். அவர்கள் என்னைப் பார்க்கவில்லை.

“அவிய வீட்டுல கதவு போட்டு ரெண்டு மாசமாச்சு பாய். இன்னும் சாக்கு தொங்குனா பாக்க நல்லாவா இருக்கு?”

“செக்ரெட்ரி கேக்கலியேம்மா.”

“அவிய எப்படிக் கேப்பாவ? நான் கேக்கேன்.”

பாய் சாக்கின் படத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு, “என்ன நெறம்?” என்றார்.

“பச்சை. இலைப்பச்சை இல்ல, கொஞ்சம் கருத்த பச்சை. கைப்பிடி இடது பக்கம். கீழ ஒரு பலகை மட்டும் வேற மரம். நேத்து அவிய வேலைக்குப் போன நேரத்துல போயி நல்லாப் பாத்துட்டுத்தான் வந்தேன்.”

அவர் ஏணியிலேயே உட்கார்ந்து பச்சையையும் கறுப்பையும் குழைக்க ஆரம்பித்தார். அவள் அண்ணாந்து பார்த்து, “இன்னும் கொஞ்சம் கறுப்பு” என்றாள். அந்தச் சாக்கு ஊர் முன்னால் தொங்கின ஐந்து மாதமும் எனக்கு அழுகை வரவில்லை. அன்றைக்கு வந்தது. குடத்தைக் கீழே வைத்துவிட்டு, அவர்கள் முடித்துவிட்டுப் போகும்வரை அங்கேயே ஒதுங்கி நின்றிருந்தேன்.